முகமில்லா வார்ப்பும் சூட்டுத் தழும்பும்: திருப்பூர் வட்டார உடல்வார்ப்புப் பணி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

திருப்பூருக்கும் பல்லடத்துக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றில், பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் 11 பெண்களின் முதுகை ஒரு பெண் கலைஞர் அச்செடுத்தார். அந்த அச்சுகளில் கட்டிங் வேஸ்ட் துணியை (பனியன் வெட்டும்போது மிஞ்சும் துண்டுகள்) இட்டு வார்த்து, கோவையில் 6 நாள் காட்சிக்கு வைத்தார். இரண்டாம் நாள் மாலை ஒரு வார்ப்பை இறக்க வேண்டி வந்தது. முகமும் பெயரும் இல்லாத அந்த வார்ப்பைப் பார்த்து, அது யாருடைய முதுகு என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டார்.

பிறருடைய உடலை அச்செடுத்துப் பணி செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதற்காக இதைப் பதிவு செய்கிறோம். சம்பந்தப்பட்ட பெண்ணுக்கு முழுவதும் வாசித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே வெளியிடுகிறோம். தழும்பின் இடம், வடிவம், உறவுமுறை ஆகியவற்றை அவர் கேட்டபடி மாற்றியிருக்கிறோம்.

பின்னணி

கலைஞர் முப்பதுகளில் இருப்பவர். விசைத்தறி ஓட்டிய குடும்பம். சிற்பத்தில் பட்டம் பெற்று, சில ஆண்டுகள் வெளியூரில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அதுவரை அவர் வரைந்ததெல்லாம் தன் உடலைத்தான்: கண்ணாடி முன் நின்று கை, கழுத்து, வயிறு. அக்கம்பக்கத்துப் பெண்களை வைத்து ஒரு பணி செய்ய வேண்டும் என்ற எண்ணம் பவர்டேபிள் யூனிட் (பனியன் தைக்கும் கூடம்) ஒன்றுக்குள் போய் வந்த பிறகு வந்தது. லைனுக்கு நடுவே நடந்தால் கண்ணில் படுவது வரிசையாக முதுகுகள்தான். சாய்மானம் இல்லாத ஸ்டூலில் காலை 8.30 மணிக்கு உட்காரும் டெய்லர், ஒன்றரை ஷிப்ட் முடிந்து எழும்போது இரவு 8.30 ஆகிறது. அந்தப் பெண்ணை உலகம் பார்க்கும் கோணம் முதுகுதான் என்றால் முதுகையே வார்க்கலாம் என்பது அவர் முடிவு.

பங்கேற்ற 11 பேரில் 6 பேர் ஓவர்லாக், ஃபிளாட்லாக் என்ற தையல் மெஷின்களை ஓட்டும் டெய்லர்கள். 3 பேர் செக்கிங், 2 பேர் கைமடி (டெய்லருக்குத் துணியை மடித்துக் கொடுத்து உதவுபவர்கள்). வயது 22 முதல் 52 வரை.

இந்தப் பணியின் சிக்கல் எங்கே தொடங்கியது என்பதைப் புரிந்துகொள்ள, அவர் மனதில் வைத்திருந்த முன்னோடிகளைப் பார்க்க வேண்டும். கியூபாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஆனா மெண்டியெட்டா 1973 முதல் 1980 வரை செய்த நிழலுருவத் தொடரில், மண்ணிலும் புல்லிலும் பதிந்தது அவருடைய உடலின் வடிவம். போலந்தின் அலீனா ஷபோச்னிகோவ் 1960-களில் தன் உதட்டையும் மார்பையும் அச்செடுத்துப் பாலியஸ்டர் ரெசினில் வார்த்தார். பெங்களூரின் புஷ்பமாலா, புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை செய்த தென்னிந்தியப் பெண்கள் தொடரில், காலனிய மானுடவியல் படங்களின் கட்டம் போட்ட அளவுத்திரைக்கு முன் தானே நின்றார். மூவரும் பயன்படுத்தியது தம் உடலை. என்ன காட்டலாம், எதை மறைக்கலாம், எப்போது நிறுத்தலாம் என்பதெல்லாம் ஒரே ஆளின் கையில் இருந்தது.

பிறர் உடலுக்கு வரும்போது அந்தக் கணக்கு மாறிவிடுகிறது. பாரதி கேர் 2013-க்கும் 2015-க்கும் இடையே கொல்கத்தாவின் பாலியல் தொழிலாளர் ஆறு பேரை உட்கார்ந்த நிலையில் முழு உடலாக வார்த்ததை நம் கலைஞர் நன்றாக அறிவார். பெண் உடலின் வலியைச் சொல்ல உடலைக் காட்டாமலேயே வழி இருப்பதும் தெரியும்: ஷீலா கௌடா 1998-இல் ஊசிகளில் கோத்த நூலைத் திரித்துக் குங்குமச் சிவப்பேற்றிச் சுவரிலும் தரையிலும் ஓடவிட்டார். ஆனாலும் தன்னுடலை வரைந்து பழகிய கை, அந்தச் சுதந்திரத்தைத் தன்னையறியாமல் அடுத்தவர் முதுகுக்கும் எடுத்துச் சென்றது. இது எங்கள் கணிப்பு. கலைஞரும் பிறகு இதை ஒப்புக்கொண்டார்.

முதல் ஒப்புதல்

ஒரு பக்க ஒப்புதல் படிவம், தமிழில். அதில் மூன்று வரிகள் முக்கியம்: முகம் காட்டப்படாது, பெயர் குறிப்பிடப்படாது, வார்ப்பு பொதுக் காட்சிக்கு வைக்கப்படும். 11 பேரும் கையெழுத்திட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அரை நாள் வேலைக்கு ஒரு முழு ஷிப்ட் கூலி, அச்செடுக்கும் முன்பே கையில் கொடுக்கப்பட்டது. முன்பணமாகக் கொடுத்தது நல்ல முடிவு. பாதியில் எழுந்து போக நினைப்பவரைக் காசு கட்டிப்போடாது. ஆனால் "வேண்டாம் என்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை" என்ற வரி படிவத்தில் இல்லை. அது இல்லாததால் என்ன ஆனது என்பது பின்னால் வருகிறது.

அச்செடுத்தல்

இடம், பங்கேற்ற ஒருவரின் லைன் வீடு. ஆண்கள் யாரும் இல்லாத நேரம், சன்னலுக்குப் போர்வை, எல்லோருடைய செல்போனும் வாசல் பக்கம் ஒரு கூடையில். ஒருவருக்கு அச்செடுக்க இரண்டு உதவியாளர்கள், இருவரும் பெண்கள்.

நிலை: டெய்லர்கள் தையல் மேசை முன் உட்காருவதுபோல ஸ்டூலில் உட்கார்ந்து, இரு கைகளையும் முன்னால் மேசையில் வைத்தார்கள். செக்கிங் பெண்கள் நின்றபடி. இதை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள், தேர்வும் சரியாக அமைந்தது. ஓவர்லாக் ஓட்டுபவர்களில் 4 பேருக்கு வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்திருப்பது, நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் அச்சில் விழுந்திருக்காது.

மருந்துக்கடையில் கிடைக்கும் மாவுக்கட்டுத் துணிதான் அச்சுப்பொருள். 15 செ.மீ. அகலம், 2.7 மீட்டர் நீளமுள்ள சுருள். ஒரு முதுகுக்கு 5 சுருள் ஆனது. சுருள்களை 30 செ.மீ. துண்டுகளாக முன்கூட்டியே வெட்டி அடுக்கி வைக்க வேண்டும். ஈரக் கையோடு கத்திரி எடுக்க முடியாது. கழுத்தடி முடியைத் துணியால் ஏற்றிக் கட்டி, தோலில் வாசலின் மெல்லிதாக, பூனைமுடி உள்ள இடத்தில் சற்றுத் தாராளமாகப் பூச வேண்டும். தண்ணீர் வெதுவெதுப்புக்கும் கீழே இருக்கட்டும். சூடு கூடினால் சீக்கிரம் இறுகும், தோலில் படும் வெப்பமும் கூடும். முதல் அடுக்கை விரலால் நீவிக்கொண்டே போக வேண்டும், நெசவுக் கண்களில் மாவு நிரம்பினால்தான் தோலின் மேடுபள்ளம் பதியும். மொத்தம் 4 அடுக்கு, விளிம்பில் 6. விலாவுக்கு முன்புறம் வராமல் அக்குள் கோட்டோடு நிறுத்த வேண்டும். உடலைச் சுற்றி மூடிவிட்டால் கழற்ற வழியில்லை, மூச்சும் முட்டும். கடைசி அடுக்குக்கு மேல் குறுக்காக இரண்டு மூங்கில் பட்டைகளை வைத்து ஒட்டினால் கழற்றிய பிறகு அச்சு விரியாது.

கடைசித் துண்டு ஒட்டியதிலிருந்து 15 நிமிடம் ஆனதும், அந்தப் பெண்ணைத் தோளைக் குறுக்கி முதுகை மெதுவாக வளைக்கச் சொன்னால் அச்சு தானே விடுபடும். பிடித்து இழுக்கக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பக்கெட்டில் கரைத்த பிளாஸ்டரில் கையையோ காலையோ முக்கி அச்செடுக்கவே கூடாது. மொத்தமாக இறுகும் பிளாஸ்டர், கடுமையான தீக்காயம் உண்டாக்கும் அளவுக்குச் சூடேறும். இறுகிய பிறகு கையை வெளியே எடுக்கவும் முடியாது. மெல்லிய துணி அடுக்கில் அந்த ஆபத்து குறைவு என்பதால்தான் இந்த முறை.

மூன்றாவதாக உட்கார்ந்தவருக்குப் பாதியில் கண் இருட்டியது. காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்திருந்தார். அச்சை உடனே கழற்றிப் படுக்க வைத்தார்கள், அந்த அச்சு வீணானது. அதன்பிறகு இட்லியும் டீயும் முடிந்த பின்தான் ஸ்டூல் என்று வைத்துக்கொண்டார்கள்.

11 பேரில் 4 பேர் ஜாக்கெட்டைக் கழற்ற விரும்பவில்லை. ஜாக்கெட்டின் மேல் சமையலறை பிளாஸ்டிக் தாளைச் சுற்றி அதன்மேல் அச்செடுத்தார்கள். அந்த நான்கில் தையல் கோடும், ஊக்குப் பட்டியின் இழுப்பும், ஜாக்கெட்டுக்குக் கீழே பிதுங்கிய சதையும் பதிந்தன. கலைஞர் முதலில் இவற்றைக் குறைபட்ட அச்சுகளாக நினைத்து ஒதுக்கி வைத்தார். எங்கள் பார்வையில் தொகுப்பிலேயே வலுவானவை இவைதாம். தைப்பவர் உடலில் தையலே பதிந்திருக்கிறது. அதோடு, "இவ்வளவுதான் காட்டுவேன்" என்று அந்தப் பெண் இழுத்த எல்லைக்கோடும் அதில் தெரிகிறது.

வார்ப்பு: துணி, பசை, காற்று

அச்சின் உட்புறம் அரக்குப் பாலிஷ் இரண்டு கை, அது காய்ந்ததும் வாசலின். பிறகு ஒரு முதுகுக்கு சுமார் 400 கிராம் வெள்ளை பனியன் கட்டிங் வேஸ்ட்டை மைதாப் பசையில் நனைத்து மூன்று அடுக்காகப் படிய வைத்தார்கள். 100 கிராம் மைதாவுக்கு 800 மி.லி. தண்ணீர் வைத்துக் காய்ச்சிய பசை. முதல் அடுக்குக்கு மெல்லிய சிங்கிள் ஜெர்ஸி துணியை இழுத்துப் பிடித்து, பிரஷால் குத்திக் குத்திப் படிய வைக்க வேண்டும். இழுபடும் துணி என்பதால் தோலின் சிறு மேடுகூட அதில் ஏறும். ரிப் துணி இதற்கு ஆகாது, அதன் கோடு தோலின் கோட்டை மறைத்துவிடும்.

ஃபெவிகால் போட்டால் இன்னும் உறுதியாக இருக்கும் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. கலைஞர் மைதாவிலேயே நின்றார். தண்ணீரில் ஊறினால் பிரிந்துவிடும் பொருளாக இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். அது பின்னால் எவ்வளவு பெரிய உதவியாக அமையும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

வேலை நடந்தது ஆடியில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அந்தப் பக்கம் ஓயாமல் வீசும் மாதம். சீக்கிரம் காயுமே என்று முதல் இரண்டு வார்ப்புகளை அன்றே அச்சிலிருந்து எடுத்துத் திண்ணையில் வைத்தார்கள். வெளிப்புறம் முந்திக் காய்ந்து சுருங்க, விளிம்புகள் கருவாட்டுத் துண்டுபோல வளைந்துகொண்டன. மற்றவற்றை ஓர் இரவு முழுக்க அச்சுக்குள்ளேயே பாலித்தீன் போர்த்தி வைத்து, மறுநாள் போர்வையை மட்டும் எடுத்து, மூன்றாம் நாள்தான் அச்சிலிருந்து பிரித்தார்கள். வளைவு நின்றது. பூச்சி அரிக்காமலிருக்கப் பைண்டிங் கடைக்காரர்கள் செய்வதுபோலப் பசையில் மயில்துத்தம் கலக்கலாமா என்ற கேள்வி வந்தது. ஒரு துண்டில் சோதித்தபோது மேலே ஏற்றிய மஞ்சள் நிறம் பாசிப் பழுப்பாகத் திரும்பியதால் கைவிட்டார்கள்.

மஞ்சள் சிவந்தது

வார்ப்புக்கு நிறமாகக் கலைஞர் நினைத்திருந்தது ஈரோட்டு விரலி மஞ்சள். 30 கிராம் தூளை ஒரு லிட்டர் தண்ணீரில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டி, பிரஷால் பூசினார்கள். அவருக்கு வேண்டியது குளித்தெழுந்த உடம்பின் மஞ்சள், பெயிண்ட் டப்பா பழுப்பு அல்ல.

முதல் வார்ப்பில் பூசிய சில நிமிடங்களில் தோளுக்குக் கீழே செங்காவித் திட்டுகள் தோன்றின. இரண்டாவதிலும் அப்படியே. பிளாஸ்டரில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டு அச்சை மாற்றிப் பார்த்தார்கள், பயனில்லை. மாவுக்கட்டின் ஜிப்சம் மஞ்சளைச் சிவக்க வைக்காது. காரணம் துணியில் இருந்தது. பிளீச்சிங்கில் பயன்படும் காஸ்டிக் சோடா முழுதாக அலசப்படாத துணித் துண்டுகளில் காரம் தங்கியிருந்தது. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பதுபோல, காரம் உள்ள இடமெல்லாம் மஞ்சள் சிவந்தது.

கலைஞருக்கு அந்தச் சிவப்பு மிகவும் பிடித்துப்போனது. தானாக வந்தது, உழைப்பின் காயத்தைச் சொல்கிறது, அப்படியே விடலாம் என்றார். காட்சியைத் தொகுத்தவரும் அதையே சொன்னார். ஆனால் பார்க்க வந்த பங்கேற்பாளர்களில் ஒருவர் சட்டென்று சொன்னது: "அடி வாங்குன முதுகாட்ட இருக்குதுங்க அக்கா. வீட்டுல அடிக்கறாங்கன்னுதான் பாக்கறவங்க நெனைப்பாங்க." கூட வந்த மூவரும் அதையே சொன்னார்கள்.

இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கலைஞர் சிவப்பைக் கைவிட்டார். அவர் சொன்ன காரணம்: காயம் என்ற பொருள் துணியிலிருந்து வந்தது, அந்தப் பெண்களிடமிருந்து வரவில்லை, அவர்கள் சொல்லாத ஒன்றை அவர்கள் முதுகில் எழுதக் கூடாது. இந்த முடிவை நாங்கள் முழு மனதோடு ஏற்கிறோம். பெண் உடலை வைத்துச் செய்யும் பணிகளில் பாதிப்பை மட்டுமே தேடிக் காட்டும் பழக்கம் நம்மிடையே மிகுந்திருக்கிறது.

சரிசெய்த முறை எளிது. துணியை வெட்டும் முன் ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு துண்டில் மஞ்சள் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது. சிவந்தால் அந்தக் கட்டை லிட்டருக்கு 10 மி.லி. வினிகர் கலந்த தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசி, மறுபடி சொட்டுச் சோதனை. முதல் இரண்டு வார்ப்புகளைப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. அச்சுகள் இருந்ததால் பெண்களை மறுபடி உட்கார வைக்கத் தேவைப்படவில்லை.

காட்சி அமைப்பு

ஆவணியில், கோவையில் வாடகைக்கு எடுத்த கூடம். 22 அடி நீளத்தில் 11 வார்ப்புகள், தூண்டில் நரம்பில் தொங்கவிட்டு, அவரவர் உட்கார்ந்த அல்லது நின்ற உயரத்தில். இடையில் புகுந்து உள்பக்கக் குழிவையும் பார்க்கலாம். ஒவ்வொரு கழுத்தடியிலும் சைஸ் லேபிள் ஒன்று தைக்கப்பட்டிருந்தது. பெயர்பெற்ற கம்பெனி லேபிள்களையே வைக்கலாம் என்று தொகுத்தவர் சொன்னதைக் கலைஞர் ஏற்கவில்லை. பார்ப்பவர் பேச்சு கம்பெனியைப் பற்றியதாகிவிடும், முதுகு பின்னுக்குப் போய்விடும்.

ஒவ்வொன்றின் கீழும் வயது, உயரம், வேலை, ஷிப்ட் என்று சீட்டு வைக்கும் யோசனையும் வந்தது. அதையும் மறுத்தார். கட்டம் போட்ட திரைக்கு முன் ஆட்களை நிறுத்தி அளந்து படம் பிடித்த காலனிய அதிகாரிகளின் வேலையை, புஷ்பமாலா கேள்விக்குள்ளாக்கிய அதே வேலையை, நாமே திரும்பச் செய்வதாகும் என்றார்.

இவ்வளவு யோசித்தவர்கள் விளக்கைப் பற்றி யோசிக்கவில்லை. பட்டறையில் டியூப்லைட்டின் சீரான வெளிச்சம். கூடத்தில் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழும் ஹாலஜன் விளக்குகள். சாய்ந்த வெளிச்சம் சிறு மேட்டுக்கும் நிழல் கொடுக்கும். சிற்பம் அழகாகத் தெரிய அப்படித்தான் வைப்பார்கள். பட்டறையில் கண்ணுக்கே படாத ஒரு தழும்பு, கூடத்தில் பத்தடி தூரத்திலிருந்து தெரிந்தது.

இரண்டாம் நாள் மாலை

மூன்றாவது வார்ப்பில், தோள்பட்டைக்குக் கீழே தடித்த தழும்பு ஒன்று. சிறு வயதில் இழுப்பு வந்தபோது வீட்டுப் பெரியவர்கள் போட்ட சூடு. அன்று பார்வைக்கு வந்தவர்களில் அந்தப் பெண்ணின் நாத்தனார் ஒருவர் இருந்தார். யாரும் எதுவும் சொல்லாமலே அவர் அந்த வார்ப்பின் முன் நின்று, கூட வந்தவரிடம் பெயரைச் சொல்லிவிட்டார்.

மாலை 6 மணியளவில் அந்தப் பெண் கலைஞருக்குப் போன் செய்தார். "எங்க நங்கையா பாத்துட்டாங்க அக்கா. அந்தச் சூட்டுத் தழும்பு எங்க ஊர்ல எல்லார்த்துக்கும் தெரியுமுங்க. மொகந்தான் காட்ட மாட்டேன்னு சொன்னீங்களே." சற்றுக் கழித்து இன்னொன்றும் கேட்டார்: "எடுத்துருங்கன்னு சொன்னா அந்தக் காசைத் திருப்பித் தரணுங்களா?"

தழும்புள்ள முதுகை அச்செடுத்தவர்கள் மூன்று பேர், வார்த்தவர்கள் அதே மூன்று பேர், தொகுத்தவர் ஒருவர். நால்வரில் ஒருவர்கூடத் தழும்பை அடையாளமாக நினைத்துப் பார்க்கவில்லை. ஊரில் ஒருவரை இன்னார் என்று சொல்ல முகம் தேவையில்லை. தழும்பு, பச்சை குத்திய கோலம், நடக்கும்போது சாயும் தோள் எதுவும் போதும். பத்திரிகைப் படங்களில் கண்ணுக்கு மட்டும் கறுப்புப் பட்டை போட்டுப் பழகிய பார்வை, முகத்தை மறைத்தால் ஆளை மறைத்தாயிற்று என்று நினைக்க வைத்துவிட்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நான்கு வழிகள் பேசப்பட்டன. தழும்பைத் துணிக்கூழால் நிரப்பி மறைப்பது, வார்ப்பை வெளிச்சம் குறைந்த மூலைக்கு மாற்றுவது, கையெழுத்து இருப்பதால் அப்படியே வைத்திருப்பது, இறக்கிவிடுவது.

மூன்றாவது வழியைத் தொகுத்தவர் வலியுறுத்தினார். படிவத்தில் சொன்னதை மீறவில்லை, முகமும் இல்லை பெயரும் இல்லை, 11 முதுகும் சேர்ந்துதான் ஒரு படைப்பு என்பது அவர் வாதம். எழுத்தளவில் அது சரி. ஆனால் "முகமும் பெயரும் காட்டப்படாது" என்று கலைஞர் எழுதியதை, "நான் யாரென்று தெரியாது" என்றுதான் அந்தப் பெண் புரிந்துகொண்டார். கையெழுத்து இரண்டாவதற்குப் போடப்பட்டது. தவறு எழுதியவர் பக்கம்.

நிரப்பி மறைப்பதைப் பற்றி அந்தப் பெண்ணிடமே கேட்டார்கள். பார்த்தவர் பார்த்தாயிற்று, இனி மறைத்தால் மறைத்ததையும் சேர்த்துப் பேசுவார்கள் என்றார். இறக்குவதென்று கலைஞர் அப்போதே முடிவெடுத்தார். காசைத் திருப்ப வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

இறக்கியதும் அடுத்த சிக்கல். காலியாகத் தொங்கும் நரம்பு, "இங்கே ஏதோ இருந்தது" என்று எல்லோரையும் கேட்க வைக்கும். வெற்றிடத்தையே படைப்பின் பகுதியாக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். கலைஞர் மறுத்தார்: அந்தப் பெண்ணின் தொல்லையை இன்னொரு முறை காட்சிப்பொருள் ஆக்க அவருக்கு மனமில்லை. அன்றிரவே மீதி 10 வார்ப்புகளையும் 22 அடிக்குள் சம இடைவெளியில் மாற்றித் தொங்கவிட்டார்கள். துண்டறிக்கையில் "11 பெண்கள்" என்று இருந்ததால், மீதமிருந்த பிரதிகள் அனைத்தும் எடுக்கப்பட்டன. கலைஞரின் இணையப் பக்கத்தில் அந்த ஒரு படத்தை மட்டும் நீக்கினால் எது நீக்கப்பட்டது என்று தேடுவார்கள் என்பதால் மொத்தத் தொகுப்பும் நீக்கப்பட்டது. பார்வையாளர்கள் மூவர் படம் பகிர்ந்திருந்தார்கள். இருவர் கேட்டதும் எடுத்துவிட்டார்கள். மூன்றாவது ஒரு வாட்சப் குழுவில் போய்விட்டது, அதை மீட்க வழியில்லை.

அவர் வீட்டுக்கு நேரில் போய்ப் பேசலாமா என்ற பேச்சு வந்தபோது, போக வேண்டாம் என்று முடிவானது. கலைஞர் வாசலில் வந்து நின்றால், உறவினர் சொன்னது உண்மை என்று ஊருக்கே உறுதியாகிவிடும். அந்தப் பெண் கூப்பிடும் வரை காத்திருந்தார்கள்.

மறுநாள் முதல் மீதி 10 பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, செல்போன் டார்ச்சை வார்ப்பின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, என்னவெல்லாம் தெரிகிறது என்று காட்டிக் கேட்டார்கள். ஒருவர் இடுப்பு மடிப்பின் கோடுகளைத் தேய்த்துவிடச் சொன்னார், தேய்த்தார்கள். ஆறு பேர் அப்படியே இருக்கட்டும் என்றார்கள். யாரும் எதிர்பார்க்காத பதில் 52 வயது டெய்லரிடமிருந்து வந்தது. "எம்பேரைப் போடு கண்ணு. முப்பது வருசமா தெக்கறேன், ஒரு பீஸ்லயாச்சும் எம்பேரு இருந்துச்சா?" அதைக் கேட்டுவிட்டு இன்னும் இருவர் தங்கள் பெயரையும் போடலாம் என்றார்கள். பெயரை மறைப்பதுதான் மரியாதை என்று கலைஞர் தானாக எடுத்த முடிவும் அவர்களைக் கேட்காமல் எடுத்ததுதான் என்பது அப்போது தெரிந்தது.

ஆனால் மூன்று பெயரை வெளியிட்டால், ஒரே யூனிட்டில் வேலை செய்யும் மற்ற ஏழு பேர் யாரென்று ஊகிப்பது எளிது. எனவே அந்தக் காட்சியில் யார் பெயரும் போடவில்லை. காரணத்தை மூவரிடமும் விளக்கினார்கள்.

பின்விளைவு

வார்ப்பு இறக்கப்பட்ட பெண்ணின் வீட்டில் மூன்று வாரம் நாத்தனாரோடு பேச்சு இல்லை. கணவருக்கு முன்பே தெரியும், அவர் மனைவி பக்கம் நின்றார். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு அந்தப் பெண்ணே கூப்பிட்டு, வார்ப்பையும் அச்சையும் தன் கண் முன்னால் அழிக்க வேண்டும் என்றார். துணி வார்ப்பை டிரம் தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட்டார்கள். மைதாப் பசை கரைந்து, காலையில் அது மறுபடி வெறும் துணித் துண்டுகளாகப் பிரிந்தது. ஃபெவிகாலாக இருந்திருந்தால் வெட்டித்தான் போட வேண்டியிருக்கும். அச்சை அவரே சுத்தியலால் உடைத்துச் சாக்கில் கட்டினார்.

நான்காம் நாளிலேயே ஹாலஜனுக்கு நேராக இருந்த வார்ப்புகளில் மஞ்சள் வெளுக்கத் தொடங்கியது. மஞ்சள் நிறம் வெளிச்சம் தாங்காது. எளிதில் வெளுக்கும் பொருளுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்ற அளவை வைத்திருக்கின்றன. அந்தக் கூடத்தின் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு. காட்சி முடிந்ததும் மறுபடி ஒரு கை பூசினார்கள்.

ஐந்து மாதம் கழித்து, பெண்கள் வசிக்கும் பகுதியிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டாம் காட்சி நடந்தது. பெயர் தர விரும்பிய மூவரின் வார்ப்புகள் மட்டும், பெயரோடு. கழுத்தடி சைஸ் லேபிளை எடுத்துவிட்டு, அவரவர் பெயரை அவரவரே நூலால் தைத்தார்கள். காலை 10 முதல் 1 வரை பெண்களுக்கு மட்டும், பிறகு எல்லோருக்கும். டியூப்லைட் வெளிச்சமே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

இனிச் செய்தால் மாற்ற வேண்டியவை

ஒப்புதலை ஒரே தாளில் ஒரே நாளில் முடிக்கக் கூடாது. அச்செடுக்கும் முன், வார்ப்பு காய்ந்த பின், விளக்கு பொருத்திய பின், படம் வெளியிடும் முன், அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும் முன் என ஒவ்வொரு கட்டத்திலும் திரும்பக் கேட்க வேண்டும். இவற்றில் விட்டுவிடவே கூடாதது விளக்கு பொருத்திய பின் கேட்பது. திறப்புக்கு முந்தைய நாள் பங்கேற்றவர்கள் மட்டும் கூடத்துக்கு வந்து, அதே வெளிச்சத்தில் தங்கள் வார்ப்பைப் பார்க்க வேண்டும். அவர்களை அழைத்துவர வேனுக்கும், போகும் ஷிப்ட் கூலிக்கும் தொடக்கத்திலேயே பணம் ஒதுக்க வேண்டும். இந்தப் பணியில் அதற்கு ஒதுக்கீடே இல்லை. அதனால்தான் 11 பேரில் ஒருவர்கூடக் காட்சிக்கு முன் கூடத்தைப் பார்க்கவில்லை.

"அடையாளம் தெரியாது" என்ற சொல்லைப் படிவத்தில் எழுதவே கூடாது. அதை யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக, தழும்பு, மச்சம், பச்சை, அம்மைத் தடம், அறுவைத் தையல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, இவை இருந்தால் வைக்கவா, நீக்கவா என்று கேட்க வேண்டும். யாருக்குத் தெரிந்தால் சிக்கல் என்பதையும் கேட்க வேண்டும். பெரும்பாலும் அந்தப் பதிலில் அந்நியர்கள் இருக்க மாட்டார்கள், உறவினர்தான் இருப்பார்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வாங்கிய காசு அவருடையதே என்று பெரிய எழுத்தில் எழுத வேண்டும், வாய்விட்டும் சொல்ல வேண்டும். பெயர் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு இரண்டு கட்டம் வைத்து அவர்களே குறிக்கட்டும்.

பொருள் விஷயத்தில் பிரித்தெடுக்கக்கூடிய பசை என்ற முடிவைத் தொடரலாம். மஞ்சளுக்கு எல்இடி விளக்கு, குறைந்த வெளிச்சம், தூரம். சொட்டுச் சோதனை செய்யாமல் கட்டிங் வேஸ்ட்டைத் தொடக் கூடாது.

ஒரு கேள்விக்கு மட்டும் இன்னும் விடை காணவில்லை. மூன்று வார்ப்புகளை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். விற்கலாமா, விற்றால் பணத்தில் அந்தப் பெண்களுக்குப் பங்கு எவ்வளவு, வாங்கியவர் வீட்டுச் சுவரில் யார் முதுகு தொங்குகிறது என்று கேட்பவர்களுக்கு யார் பதில் சொல்வது என்பதெல்லாம் படிவத்தில் இல்லை. 10 பேரும் கூடிப் பேசும் வரை விற்பதில்லை என்று கலைஞர் சொல்லியிருக்கிறார். ஷிப்மெண்ட் வேலை முடியாமல் அவர்களுக்கு ஒன்றாக ஞாயிற்றுக்கிழமை கிடைக்கவில்லை. அதுவரை வார்ப்புகள் தகரப் பெட்டியில், வேப்பிலைக்கு நடுவே இருக்கின்றன. மைதாவில் வண்டு விழுகிறதா என்று மாதம் ஒரு முறை திறந்து பார்க்கிறார்கள்.